நாளைக்கு நாலு முழம்

பதினாறரை கிலோமீட்டர் போக எவ்வளவு நேரமாகும்? டூவீலரில் முக்கால் மணி. டவுன் பஸ்ஸில் ஒன்றரை மணி (கண்டக்டருக்குச் சில்லறைத் தகராறு வராவிட்டால்). கால்நடையாகக் கிளம்பினாலும் காலை இட்லியை முடித்துவிட்டுப் புறப்பட்டவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

இந்தத் தூரத்தைக் கடக்கக் கல்கத்தா கிட்டத்தட்ட இருபத்து மூன்று வருஷம் எடுத்துக்கொண்டது.

டம்டம்மிலிருந்து டாலிகஞ்ச் வரை 16.45 கிலோமீட்டர். இந்தியாவின் முதல் பாதாள ரயில். 1972 டிசம்பர் 29-ம் தேதி இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். இந்த முனையில் ஏறியவர் அந்த முனையில் இறங்க முடிந்தது 1995 செப்டம்பர் 27-ம் தேதி. கால்குலேட்டரை எடுத்து வகுத்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் வருகிறது. நாலு முழ வேட்டி ஒன்றைக் கொடியில் காயப்போட்டால் வருமே, அந்த நீளம். அடுத்த நாள் அடுத்த வேட்டி. இப்படியே எட்டாயிரத்துச் சொச்சம் வேட்டிகள்.

ஊரின் பெயர் 2001-ல் கொல்கத்தா ஆகிவிட்டது, தெரியும். ஆனால் இந்தக் கதை நடந்தபோது அது கல்கத்தா. கல்கத்தா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால், இனி கொஞ்சம் சீரியஸ். எஞ்சினீயர்கள் தூங்கினார்களா? இல்லை. மண் சதி செய்ததா? ஓரளவு. பின்னே யார்தான் காரணம் என்று தேடிப் போனால், அரசாங்க ஃபைல்களில் பணக் கணக்கு இருக்கிறது, சிமென்ட் கணக்கு இருக்கிறது. ஒரே ஒரு கணக்கு மட்டும் எங்கேயும் இல்லை. அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன்.

*

பாதாள ரயில் என்பது உலகத்துக்குப் புதுசு இல்லை. லண்டனில் 1863 ஜனவரியிலேயே விட்டுவிட்டார்கள். அதுவும் நீராவி எஞ்சின். சுரங்கத்துக்குள் புகை. ஆபீஸ் போன வெள்ளைக்காரர் கறுப்புக்காரராக வெளியே வந்திருப்பார். அப்புறம் புடாபெஸ்ட்டில் 1896, பாரிஸில் 1900, நியூயார்க்கில் 1904, டோக்கியோவில் 1927.

கல்கத்தாவுக்கும் அந்தக் காலத்திலேயே ஆசை வந்தது. நகரம் ஹூக்ளி ஆற்றின் இந்தப் பக்கம். பெரிய ரயில் நிலையமான ஹௌரா அந்தப் பக்கம். காலையில் அங்கே வந்து இறங்குகிற ஜனம் மொத்தமும் ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாக வேண்டும். லண்டன் பாதாள ரயில்களில் கைதேர்ந்த ஹார்லி டால்ரிம்பிள்-ஹே என்ற எஞ்சினீயர் 1921-ல் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். ஆற்றுக்கு அடியில் குழாய் மாதிரி சுரங்கம், அதில் ரயில், கிழக்கே பாக்மாரியில் தொடங்கி மேற்கே ஹௌரா பக்கம் சால்கியா வரை. செலவைப் பார்த்தார்கள். ஃபைலை மூடினார்கள். மனிதர் சும்மா இருக்கவில்லை. 1931-ல் அதே ஹூக்ளிக்கு அடியில் கல்கத்தா மின்சாரக் கம்பெனிக்காக ஒரு சுரங்கம் போட்டுக் காட்டினார். அது ஜனம் பயணம் போவதற்கு இல்லை. கேபிள் போகும். மின்சாரத்துக்குக் கிடைத்த சவுகரியம் மனிதனுக்குக் கிடைக்க எவ்வளவு நாளாச்சு என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் முதலமைச்சர் பி.சி.ராய் மறுபடி கிளப்பினார். பிரெஞ்சு நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தோடு சரி. இதற்குள் பிரிவினையில் கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கில் ஜனம் வந்து சேர்ந்தது. ரோடு மட்டும் அதே ரோடு. ஒரு நகரத்தின் நிலத்தில் கால் பங்காவது ரோடாக இருந்தால் தேவலை என்பார்கள். கல்கத்தாவில் நூற்றுக்கு ஐந்தாறுதான் தேறும். அதிலேயே டிராம், பஸ், டாக்ஸி, கை ரிக்‌ஷா, மாடு, ஊர்வலம். (கல்கத்தாவில் ஊர்வலமும் ஒரு வாகனம்தான்.) மேலே இடமில்லை, கீழேதான் போக வேண்டும் என்ற முடிவுக்கு வர 1969 ஆனது. ரயில்வேயில் தனி அலுவலகம் திறந்து 1971-ல் மாஸ்டர் பிளான் போட்டார்கள். ஐந்து பாதைகள், 97.5 கிலோமீட்டர். முதலில் ஒரே ஒரு பாதை, வடக்கிலிருந்து தெற்காக டம்டம் - டாலிகஞ்ச். மதிப்பீடு சுமார் 140 கோடி ரூபாய்.

*

எப்படித் தோண்டினார்கள் என்பது சுவாரஸ்யமான விஷயம். சுரங்கம் என்றதும் எலி மாதிரி குடைந்துகொண்டே போகும் ராட்சச யந்திரம் ஞாபகம் வரும். அது இப்போதைய வழி. எழுபதுகளின் கல்கத்தாவில் பெரும்பாலும் நடந்தது வெட்டி மூடுவது. நடு ரோட்டைப் பிள, கீழே கான்க்ரீட் பெட்டி கட்டு, மேலே மண்ணைப் போட்டு மூடு, ரோடு போடு. கேட்க சுலபம்.

ஆனால் கல்கத்தாவின் தரை, ஆறு கொண்டுவந்து போட்ட களிமண். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் எட்டிப் பார்க்கும். பள்ளம் வெட்டினால் இரண்டு பக்கமும் சரியும். பக்கத்திலேயே நூறு வருஷத்து வீடுகள். அதனால் முதலில் ரோட்டின் இரண்டு ஓரத்திலும் ஒல்லியாக, ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். அது சரியாமல் இருக்க உள்ளே பென்டோனைட் என்ற களிமண் கரைசலை ஊற்றுவார்கள். மோர்க்குழம்புப் பதம். அந்தக் குழம்பின் கனமே சுவரைத் தாங்கிப் பிடிக்கும். அதற்குள் இரும்புக் கம்பிக் கூட்டை இறக்கி, ஒரு குழாய் வழியே அடியிலிருந்து கான்க்ரீட்டை நிரப்புவார்கள். கான்க்ரீட் ஏற ஏறக் குழம்பு மேலே வந்துவிடும். இறுகியதும் பூமிக்குள் ஒரு சுவர் தயார். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அப்புறம்தான் நடுவில் உள்ள மண்ணை அள்ளுவது. சுவர்கள் ஒன்றின்மேல் ஒன்று சாயாமல் குறுக்கே இரும்பு உத்தரங்கள். மேலே தற்காலிகமாக ஒரு தளம், அதன்மேல் பஸ் போகும். அதாவது, அடியில் ஆள் வேலை செய்துகொண்டிருக்க, தலைக்கு மேல் உயிருள்ள நகரம் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தது.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் இது முடியவில்லை. பெல்காச்சியாவுக்கும் ஷியாம்பஜாருக்கும் நடுவில் ரயில்வே யார்டும் ஒரு கால்வாயும் குறுக்கிட்டன. யார்டைப் பிளக்க முடியாது, கால்வாயை மடிக்க முடியாது. அங்கே மட்டும் அழுத்திய காற்றை உள்ளே செலுத்தித் தண்ணீரைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கவசம் வைத்துக் குடைந்தார்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி மண்ணில் இல்லை, மண்ணுக்குள் இருந்தது. குடிநீர்க் குழாய், காஸ் குழாய், மின்சார கேபிள், டெலிபோன் கேபிள், வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சாக்கடை. ஒன்றை நகர்த்தினால் இன்னொன்றில் இடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிபார்ட்மென்ட். ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரு ஃபைல். ஒரு ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக எத்தனை நாளாகும் என்று ஆபீஸில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

இதெல்லாம் சேர்ந்தாலும் பத்து வருஷ வேலை. மீதி எங்கே போனது?

பணம். வேலை தொடங்கிய முதல் ஐந்து வருஷமும், 1977-78 வரைக்கும், வேண்டிய பணம் வரவே இல்லை. இந்தத் திட்டம் ரயில்வேயின் வரவுசெலவுக்குள் வருஷா வருஷம் கை ஏந்துகிற குழந்தை. இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்தாச்சு, பத்திரிகை அடித்தாச்சு, சமையல்காரருக்கு மட்டும் தினம் ஒரு படி அரிசி அளந்து கொடுத்தால் எப்படி இருக்கும்? அது. நடுவில் கோர்ட் தடைகள். சிமென்ட், இரும்பு சரியாக வந்து சேராத மாதங்கள். 140 கோடி என்று ஆரம்பித்தது முடியும்போது பத்து மடங்குக்கு மேல் போய்விட்டது.

இது புத்தகங்களில் இருக்கிற கணக்கு. இல்லாத கணக்கை எனக்குச் சொன்னவர் ஒரு மாமா. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் தென்னிந்தியர்கள் நிறையப் பேர் பல தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். தேங்காய், காபிப்பொடி, கறிவேப்பிலை எல்லாம் அங்கே கிடைக்கும். அந்த வட்டாரத்தில் குடியிருந்து, சித்தரஞ்சன் அவென்யூ பக்கம் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாக வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வீட்டுப் பக்கமும் பள்ளம், ஆபீஸ் பக்கமும் பள்ளம்.

"நான் பொண்ணு பார்க்கப் போனப்போ தோண்ட ஆரம்பிச்சா. என் பொண்ணு பி.ஏ. முடிச்சப்போ மூடினா" என்றார்.

"அவ்வளவு நாள் எப்படி மாமா சமாளிச்சேள்?"

"சமாளிக்கறது என்ன? வேஷ்டியை மடிச்சுக் கட்டிண்டு பலகை மேலே நடக்க வேண்டியதுதான். மழைக்காலத்துல எது ரோடு, எது குழின்னு தெரியாது. முன்னாடி போறவன் முங்கினான்னா அது குழி."

சிரித்துக்கொண்டே சொன்னார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கப்பாவுக்கு அதுல ஒரு தடவை போய்ப் பார்க்கணும்னு ரொம்ப ஆசை. எழுபத்தொம்பதுல போயிட்டார். அவர் பார்த்ததெல்லாம் குழிதான்."

பாதாள ரயிலுக்கு எவ்வளவு செலவாச்சு என்று கேட்டால் கோடியில் சொல்வார்கள். அந்தச் செலவில் இந்த அப்பா வரமாட்டார். வாசலில் பள்ளம் இருந்ததால் வாடிக்கையாளர் வராமல் கடையை மூடியவர் வரமாட்டார். ஆம்புலன்ஸ் சுற்றிப் போனதால் ஆன தாமதம் வராது. தினமும் ஆபீஸுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியவர்களின் அந்த ஒரு மணி நேரம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஒரு நகரம் தன் ஆயுளில் இருந்து எடுத்துக் கொடுத்த சந்தா அது. ரசீது கிடையாது.

*

இனி நல்ல செய்தி. 1982-ல் மால்டாக்காரரான கனிகான் சவுத்ரி ரயில்வே அமைச்சரானார். சொந்த மாநிலத்துத் திட்டம். விரட்டினார். 1984 அக்டோபர் 24-ம் தேதி எஸ்பிளனேடிலிருந்து பவானிபூருக்கு முதல் ரயில் ஓடியது. 3.4 கிலோமீட்டர், ஐந்து ஸ்டேஷன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அடிக்கல் நாட்டிய இந்திரா காந்தி அன்று பிரதமர். ஏழாவது நாள் சுடப்பட்டு இறந்தார்.

அந்த நவம்பரிலேயே வடக்குக் கோடியில் டம்டம்மிலிருந்து பெல்காச்சியாவுக்கு 2.15 கிலோமீட்டர் தனியாகத் திறந்தார்கள். மொத்தமே இரண்டு ஸ்டேஷன். ஏறினால் அடுத்தது இறங்கும் இடம். டிக்கெட் வாங்கி, படி இறங்கி, ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நடந்தே போய்விடலாம் என்று ஜனம் முடிவெடுத்ததில் ஆச்சரியமில்லை. 1992-ல் அதை நிறுத்தியேவிட்டார்கள். தெற்கே 1986-ல் டாலிகஞ்ச் வரை போய்விட்டது. நடுவில் மட்டும் ஓட்டை, பாதி தைத்த சட்டை மாதிரி.

1994 ஆகஸ்ட்டில் வடக்குத் துண்டு ஷியாம்பஜார் வரை நீண்டு மறுபடி உயிர் பெற்றது. அக்டோபரில் சாந்தினி சவுக், 1995 பிப்ரவரியில் வடக்கே கிரீஷ் பார்க், தெற்கே சென்ட்ரல். செப்டம்பரில் மகாத்மா காந்தி ரோடு ஸ்டேஷன் திறந்ததும் இரண்டு துண்டும் ஒன்றாகின. கடைசிப் பொத்தான் போட்டாச்சு.

பெட்டிகள் எங்கிருந்து போயின தெரியுமோ? நம்ம பெரம்பூர். ஐ.சி.எஃப். மின் சாதனங்கள் பெங்களூரிலிருந்து. இந்தியாவில் அதற்கு முன் யாரும் பாதாள ரயில் பெட்டி செய்ததில்லை. தலைக்கு மேல் கம்பி இல்லாமல், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் போட்டு அதிலிருந்து 750 வோல்ட் எடுத்து ஓடும் வண்டி. அதை வெளிநாட்டிலிருந்து வாங்காமல் நாமே செய்வது என்று அந்தக் காலத்தில் முடிவெடுக்க நெஞ்சுரம் வேண்டும். ஏ.ஸி. இல்லாத அந்த ரகத்து வண்டிகள் 2021 அக்டோபர் 24-ம் தேதி ஓய்வு பெற்றன. முதல் ரயில் ஓடி முப்பத்தேழு வருஷம் முடிந்த அதே நாள். பெரம்பூர்த் தொழிலாளி யாராவது கல்கத்தா போயிருந்தால் அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்திருக்கலாம், பெற்ற பிள்ளையின் முதுகைத் தட்டுகிற மாதிரி.

*

பாதை எப்படிப் போகிறது என்று சொல்லாவிட்டால் நியாயமில்லை. தெற்கிலிருந்து வடக்கே வாருங்கள், ஜன்னலில் இருட்டுதான் தெரியும், நான் சொல்கிறேன்.

டாலிகஞ்ச். நமக்குக் கோடம்பாக்கம் எப்படியோ அப்படி. வங்காள சினிமா ஸ்டூடியோக்கள் இருக்கும் இடம். 2009-ல் ஸ்டேஷனுக்கு மகாநாயக் உத்தம்குமார் என்று நடிகரின் பெயரை வைத்தார்கள். (நம் எம்.ஜி.ஆர். சென்ட்ரலுக்கு அண்ணன் முறை.) அடுத்து ரவீந்திர சரோவர் ஏரி. அடுத்து காளிகாட். கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்கலாம். மாமாவின் லேக் மார்க்கெட்டுக்கும் இங்கேதான். ஜதின் தாஸ் பார்க்: லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதமிருந்து 1929-ல் உயிர்விட்ட இளைஞர். பவானிபூருக்கு இப்போது நேதாஜி பவன் என்று பெயர். வீட்டுக்காவலில் இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1941 ஜனவரியில் ராத்திரியோடு ராத்திரியாகக் காரில் தப்பித்துப் போனாரே, அந்த வீடு மேலே இருக்கிறது. ரவீந்திர சதனில் சுவரெல்லாம் தாகூரின் கையெழுத்தும் கிறுக்கலும்.

மைதான், பார்க் ஸ்ட்ரீட், எஸ்பிளனேடு. (சென்னை பாரிமுனைப் பக்கமும் ஒரு எஸ்பிளனேடு உண்டு. கோட்டைக்கு எதிரே வெட்டவெளி விட்டு அதற்கு இந்தப் பெயரை வைப்பது வெள்ளைக்காரன் வழக்கம்.) சாந்தினி சவுக், சென்ட்ரல், மகாத்மா காந்தி ரோடு, நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் பெயரில் கிரீஷ் பார்க். அடுத்து ஷோபாபஜார் சுதானுதி. 1690-ல் ஜாப் சார்னாக் வந்து இறங்கிய கிராமம் சுதானுதி. நகரம் அந்தப் பெயரை மறந்துவிட்டது, ஸ்டேஷன் மறக்கவில்லை. ஷியாம்பஜார், பெல்காச்சியா, டம்டம். துப்பாக்கிக் குண்டுக்குப் பெயர் கொடுத்த ஊர்.

பதினேழு ஸ்டேஷனில் பதினைந்து தரைக்குக் கீழே. பின்னால் தெற்கே 2010-ல் நியூ கரியா வரைக்கும், வடக்கே 2013-ல் நோவாபாரா, 2021-ல் தட்சிணேஸ்வரம் வரைக்கும் தரைக்கு மேலாகவே நீட்டினார்கள். ஆக, காளிகாட் காளியையும், ராமகிருஷ்ணர் பூஜை செய்த தட்சிணேஸ்வரத்துக் காளியையும் ஒரே ரயில் இணைக்கிறது. இத்தனை வருஷம் பூமியைக் கிளறியவர்களை அவள் ஒன்றும் செய்யாமல் விட்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. மேலே தெருவில் வெற்றிலையைத் துப்புகிற அதே ஆசாமி, படி இறங்கிக் கீழே போனதும் வாயை மூடிக்கொண்டு விடுவார். ஆரம்ப நாட்களிலிருந்தே அப்படித்தான். ப்ளாட்ஃபாரம் பளிச்சென்று இருந்தது. அபராதத்துக்குப் பயம் என்று சொல்லலாம். எனக்கு என்னவோ, பன்னிரண்டு வருஷம் பள்ளத்தில் நடந்து வாங்கிய பொருளை யாரும் அழுக்காக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் ஆணி அடிக்க யோசிப்போமே, அந்த மாதிரி.

*

இப்போது ஒரு மனிதர். 1964 டிசம்பரில் புயல் வந்து பாம்பன் பாலம் சிதைந்தது ஞாபகமிருக்கும், தாத்தா பாட்டியாவது சொல்லியிருப்பார்கள். அதைச் சரி செய்ய ஆறு மாதம் என்றார்கள், அப்புறம் மூன்று மாதம் என்றார்கள். பொறுப்பை ஏற்ற இளம் எஞ்சினீயர் 46 நாளில் முடித்தார். பாலக்காட்டுக்காரர். பெயர் ஈ.ஸ்ரீதரன். அவரே 1970-லிருந்து 1975 வரை கல்கத்தா பாதாள ரயிலின் திட்டமிடும் வேலையில் துணைத் தலைமைப் பொறியாளர்.

பாலத்தை 46 நாளில் முடித்தவர், பணம் சொட்டுச் சொட்டாக வருகிற ஒரு திட்டத்தில் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தார். என்ன பாடம் கற்றார் என்று அவரைக் கேட்டதில்லை. ஆனால் பின்னால் டெல்லி மெட்ரோவை அவர் நடத்திய விதத்தைப் பார்த்தால் ஊகிக்க முடிகிறது. அங்கே திட்டம் ரயில்வேயின் ஒரு மூலையில் இல்லை, மத்திய அரசும் டெல்லி அரசும் சம பங்கு போட்ட தனி நிறுவனம். பெரும்பங்கு பணம் ஜப்பான் கடனாக முன்கூட்டியே ஏற்பாடாகிவிட்டது. முடிவெடுக்கிற மேஜை ஒன்றே ஒன்று. வேலை நடக்கும் இடங்களில் 'இன்னும் இத்தனை நாள்' என்று நாளைக் குறைத்துக்கொண்டே வரும் போர்டு. 1998-ல் வேலை தொடங்கி 2005-க்குள், பழைய டெல்லியின் நெரிசலுக்கு அடியில் பதினோரு கிலோமீட்டர் பாதாளப் பாதை ஓட ஆரம்பித்துவிட்டது. தரைக்கு மேலே போனது தனி.

டெல்லியைப் புகழ்ந்து கல்கத்தாவை மட்டம் தட்டுவது நியாயமில்லை. டெல்லியிடம் குடைகிற யந்திரம் இருந்தது, கல்கத்தாவில் மண்வெட்டியும் கூடையும் நிறைய உழைத்தன. முதல் பிள்ளையை வளர்க்கும்போது செய்கிற தப்பையெல்லாம் செய்துவிட்டு இரண்டாவது பிள்ளையை ஒழுங்காக வளர்ப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மூத்த பிள்ளைக்கு அதனால் ஒரு மரியாதை கூடத் தர வேண்டும்.

*

மின்சாரத்துக்குக் கிடைத்தது மனிதனுக்கு எப்போது கிடைத்தது என்று ஆரம்பத்தில் ஒரு பாக்கி வைத்தேன். 2024 மார்ச் 15. அன்றுதான் ஹூக்ளிக்கு அடியில், ஹௌரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடுக்கு, ஜனங்கள் ரயிலில் போனார்கள். டால்ரிம்பிள்-ஹே திட்டம் கொடுத்து 103 வருஷம் கழித்து. 520 மீட்டர் அகல ஆற்றை வண்டி 45 விநாடியில் தாண்டிவிடும். 2017-ல் ரச்னா, பிரேர்ணா என்று பெயர் வைத்த இரண்டு யந்திரங்கள் ஆற்றுக்கு அடியில் சில வாரங்களில் குடைந்து முடித்தன. நாளைக்கு நாலு முழம் என்ற கணக்கெல்லாம் பழங்கதை.

அப்பாடா என்று மூச்சு விடலாமா? அதே பாதையில், நகைப் பட்டறைகள் நிறைந்த பவ்பஜாரில், 2019 ஆகஸ்ட் 31-ம் தேதி சண்டி என்ற யந்திரம் பூமிக்குள் இருந்த நீர்த்தேக்கம் ஒன்றில் போய் முட்டியது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் கொட்ட, மேலே பழைய வீடுகள் விரிசல் விட்டன, சில இடிந்து விழுந்தன. நூற்றுக்கணக்கான பேர் கட்டிய துணியோடு வெளியேறினார்கள். அந்தப் பாதை முழுசாக இணைந்தது 2025 ஆகஸ்ட் 22-ல்தான். யந்திரம் மாறிவிட்டது. சந்தா கட்டுகிற ஆள் மாறவில்லை. அதே தெருவாசி.

என் பக்கத்து ஸீட் நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப என்ன ஸார் சொல்ல வர்றீங்க? தோண்டவே கூடாதுங்கறீங்களா?" என்றார்.

தோண்டணும். கல்கத்தாவில் அந்த ரயில் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பாருங்கள், மூச்சு முட்டும். தோண்டினால் சீக்கிரம் மூடணும் என்கிறேன். முழுப் பணமும் கையில் இல்லாமல் நடு ரோட்டில் முதல் கடப்பாரையைப் போடுவது, மாவு இல்லாமல் எண்ணெயைக் காயவைப்பது மாதிரி. எந்த ஊரிலும் ஒரு பள்ளத்துக்கு முன்னால் நிற்கும்போது 'எத்தனை கோடி?' என்று கேட்கிறோம். 'எத்தனை நாள்?' என்றும் கேட்க வேண்டும். கோடி திரும்ப வரும், டிக்கெட் விற்று எடுத்துவிடலாம். நாள் வராது.

வங்காளிகள் ஸ்டேஷனுக்குப் பெயர் வைப்பதில் தாராளம். கவிஞருக்கு ஒன்று, நடிகருக்கு ஒன்று, தியாகிகளுக்கு நாலைந்து. எல்லாம் சரி. அடுத்து எங்காவது ஒரு ஸ்டேஷன் திறந்தால், பெயர் எதுவும் வேண்டாம், படிக்கட்டு ஓரமாக ஒரு சின்னக் கல் போதும். அதில் இவ்வளவு எழுதினால் போதும்: 'இங்கே இருந்த பள்ளத்தைத் தினமும் தாண்டி ஆபீஸ் போய், இந்த ரயிலில் ஏறாமலே போனவர்களுக்கு.'

மாமாவின் அப்பாவுக்கும் அதில் பங்கு உண்டு.